யார் வாயைத் தெறந்து பாத்தாங்க, அம்மிணி?

காங்கேயம்,
மார்கழிக் கடைசி.

அன்புள்ள அம்மிணி,

உன்ற கடுதாசியில முக்கால்வாசி உன்ற நங்கையாளைப் பத்தின பொறணி, மிச்சம் கால்வாசி பல்லு. நங்கையா விசயத்துக்கு நான் பதில் எழுதினா ரெண்டு குடும்பத்துலயும் சண்டை வந்துரும். அதனால பல்லுலயே ஆரம்பிக்கறேன்.

பல்லு விளக்கினா வாஷ்பேசின் செவந்து போகுதுங்கற. பெங்களூர்ல போய்க் காட்டினதுக்கு, "தீட்டு நிக்கற வயசும்மா, ஹார்மோன் மாறுது, அப்படித்தான் இருக்கும்"னு ஒரு பேஸ்ட்டை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாராக்கும். ஏம்மிணி, அந்த மனுசன் அளவுக்கோடு போட்ட சன்னமான கம்பி ஒண்ணை எகிறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டுப் பாத்தாரா? ஒவ்வொரு பல்லையும் சுத்தி ஆறு எடத்துல அளந்து, "மூணு, ரெண்டு, நாலு"ன்னு பக்கத்துல நின்ன பொண்ணுகிட்டச் சொல்லி எழுத வெச்சாரா? நீ அதைப் பத்தி ஒரு வரியும் எழுதலை. அளந்திருந்தா நீ சும்மா இருந்திருக்க மாட்ட, வலிச்சுதுன்னு ரெண்டு பக்கம் பொலம்பியிருப்ப. அதனால அளக்கலைன்னே வெச்சுக்கறேன்.

எனக்குக் கோவம் வர்ற எடம் இதுதான். பொம்பளை எகிறுல ரத்தம்னா ஹார்மோன், ஆம்பளைக்குப் பல்லு ஆடினா பீடி. ரெண்டும் பொய்யில்லை. ஆனா வாயைத் தெறந்து பாக்கறதுக்கு முன்னாடியே பதில் தயாரா இருந்தா, அப்புறம் எதுக்குப் பாக்கறாங்க?

ஒரு கதை சொல்றேன். பேரு கேக்காத, கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஊரையும் மாத்தித்தான் எழுதறேன். தாராபுரம் ரோட்டுப் பக்கம் தேங்காக் களம் வெச்சிருக்கற ஒரு பெரிய மனுசர். சம்சாரத்தைப் பல்லு கிளீனிங்குக்குக் கூட்டிட்டு வருவார், ஆனா உள்ள வரமாட்டார். வேப்ப மரத்தடியில வண்டியிலயே உக்காந்துக்கிட்டு சிகரெட்டும் போனுமா நேரத்தை ஓட்டுவார். அந்தம்மாவுக்கு எகிறு செவந்திருக்கும், தொட்டா ரத்தம் வரும், "எனக்கு மட்டும் ஏனுங்க டாக்டரம்மா இப்படி?"ன்னு வெசனப்படுவாங்க. ஒரு நாள் என்ன சண்டையோ, அவர் கையைப் பிடிச்சு இழுத்துட்டு உள்ள வந்துட்டாங்க. "எனக்கெல்லாம் ஒரு சொட்டு ரத்தம் வராதுங்க, பல்லு கல்லாட்டம் இருக்குது"ன்னு சொல்லிக்கிட்டேதான் நாற்காலியில சாஞ்சார்.

எகிறு வெளுத்து, கெட்டியா, பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருந்துச்சு. கம்பியை விட்டா ஏழு, எட்டு மில்லிமீட்டர் இறங்குது. எக்ஸ்ரேயில கடவாய்ப் பல்லைப் பிடிச்சிருந்த எலும்புல பாதி காணோம். சர்க்கரையைப் பாக்கச் சொன்னா அதுவும் ஏறிக் கெடக்குது. அந்தம்மாவுக்கு அளந்தா, ரெண்டு எடத்துல நாலு, மத்ததெல்லாம் மூணுக்குள்ள. எலும்புக்கு ஒரு சேதமும் இல்லை.

புகைக்குள்ள இருக்கற நிகோடின் எகிறோட சின்ன ரத்தக் குழாயைச் சுருக்கிரும். சீக்கு உள்ள எலும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும், வெளிய ரத்தம் காட்டாது. பொம்பளைக்கு நேர் எதிர். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வந்து ஒட்டற எடம் எகிறுலயும் இருக்குது. அது ஏறினா குழாய் விரிஞ்சு, கொஞ்சூண்டு அழுக்குக்கே எகிறு வீங்கி ரத்தம் கக்கும், எலும்பு பெரும்பாலும் தப்பிச்சுக்கும். ரத்தத்தை மட்டும் பாத்துத் தீர்ப்புச் சொன்னா பொண்டாட்டி நோயாளி, புருசன் பயில்வான். அவர் மொகம் போன போக்கை நீ பாக்கலையே! அந்தம்மா ஒரு வார்த்தை பேசலை, ஆனா வீட்டுக்குப் போறப்ப வண்டிச் சாவி அவங்க கையில இருந்துச்சு.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. அமெரிக்காவுல 2009-10ல சர்க்காரே ஒரு கணக்கெடுத்துச்சு. டாக்டர்கிட்ட வந்தவங்களை எண்ணாம, பொதுவுல ஆளைப் பொறுக்கி, முப்பது வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்க வாயில ஒவ்வொரு பல்லையும் சுத்தி ஆறு எடம் அளந்தாங்க. எலும்பைத் தின்னுற எகிறுச் சீக்கு ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 56.4, பொம்பளைங்கள்ல 38.4. புகை, பல்லு விளக்காத சோம்பேறித்தனம் இதையெல்லாம் கழிச்ச பிறகும் ஆம்பளை பக்கம் கொஞ்சம் மிச்சம் நிக்குதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. ரெண்டு உடம்பும் கிருமியோட மல்லுக்கட்டற விதத்துலயே வித்தியாசம் இருக்கலாமாம். நம்ம நாட்டுல புகையிலைப் பழக்கம் 2016-17 கணக்குப்படி ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 42.4, பொம்பளைங்கள்ல 14.2. நம்ம அப்பத்தாமாருங்க வெத்தலையோட அதக்குன போயலையும் அந்தப் பதினாலுல சேர்த்திதான். "நான் சிகரெட்டா குடிக்கறேன்?"னு அவங்க கேக்கற கேள்விக்கு நான் இன்னும் நல்ல பதில் கண்டுபிடிக்கலை.

இப்ப ஒரு பழைய பொறணி. எகிறு எவ்வளவு வீங்கியிருக்குன்னு சுழியத்துலருந்து மூணு வரைக்கும் மார்க் போடற ஒரு முறை இருக்குது. உலகம் பூரா பல் காலேஜ்ல படிக்கற எல்லாப் புள்ளைங்களும் மனப்பாடம் பண்றது. அது எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கற? நார்வேக்காரர் ஹரால்ட் லோ, கூட சில்னெஸ்னு ஒருத்தர், ரெண்டு பேரும் 1963ல கர்ப்பிணிப் பொம்பளைங்க எகிறைப் பத்தி எழுதின கட்டுரையிலருந்து. 121 கர்ப்பிணிங்க, புள்ளை பெத்த 61 பேரு. ரெண்டாம் மாசத்துலருந்து எகிறு வீக்கம் ஏறிக்கிட்டே போய், எட்டாம் மாசத்துல உச்சிக்குப் போய், அப்புறம் எறங்குதுன்னு பாத்தாங்க. அந்தப் பொம்பளைங்களுக்காகச் செஞ்ச அளவுகோலைத்தான் இன்னிக்கு லாரி டிரைவருக்கும் வெக்கறோம், பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் வெக்கறோம்.

அதே லோ அடுத்துப் பண்ணின காரியம் நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்டது. இதை உனக்குச் சொல்லியே ஆகோணும். எகிறுச் சீக்கை வைத்தியமே பண்ணாம விட்டா அது எப்படி நடக்கும்னு அவருக்குத் தெரிஞ்சுக்கோணும். பிரஷ்ஷையே பாக்காத ஆளுங்க வேணும். 1970ல இலங்கைக்குப் போனார். மலையகத்துல டன்சினேன், ஹாரோன்னு ரெண்டு தேயிலைத் தோட்டம். சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வெள்ளைக்காரன் காலத்துல கப்பலேறிப் போன சனங்களோட பேரன்மாருங்க லயத்துல குடியிருக்காங்க. அதுல 480 பேரைப் பிடிச்சு, பதினஞ்சு வருசம் விட்டு விட்டுப் போய் அளந்துக்கிட்டே இருந்தாங்க. 1985ல கடைசியா அளக்கறப்ப 161 பேர்தான் மிச்சம். அடுத்த வருசம் கட்டுரை வந்துச்சு. அத்தனை பேர் பல்லுலயும் அழுக்கும் காரையும் அப்பிக் கெடந்துச்சு, அத்தனை பேர் எகிறும் வீங்கித்தான் இருந்துச்சு. ஆனா விதி ஒண்ணில்லை. நூத்துக்கு 8 பேருக்கு வேகமாப் பல்லு போச்சு, 81 பேருக்கு நிதானமா, 11 பேருக்கு எகிறு வீங்கினதோட சரி, எலும்பைத் தொடவே இல்லை. முப்பத்தஞ்சு வயசுல வேகக்காரங்களுக்குப் பல்லோட பிடிமானம் சராசரி 9 மில்லிமீட்டர் போயிருந்துச்சு, நிதானக்காரங்களுக்கு 4, மூணாவது கூட்டத்துக்கு ஒண்ணுகூட இல்லை.

இதை மொத மொத படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. அழுக்கு ஒண்ணு, பல்லு ஒண்ணு, ஆனா ஒருத்தனுக்குப் பல்லு கொட்டிருது, பக்கத்து லயத்துக்காரன் கரும்பு கடிக்கறான். எகிறுச் சீக்கைப் பத்தி உலகம் நெனச்சிருந்ததையே பொரட்டிப் போட்ட ஆராய்ச்சி அது. 2010ல மறுபடியும் போய்த் தேடி, பழைய ஆளுங்கள்ல 75 பேரைக் கண்டுபிடிச்சு அளந்திருக்காங்க. நாப்பது வருசக் கணக்கு! வேற எந்த நாட்டுலயும் இப்படி ஒரு கணக்கை இனி எடுக்கவும் முடியாது. நோயைக் கண்ணால பாத்துக்கிட்டு வைத்தியம் பண்ணாம நிக்கறதுக்கு இன்னிக்கு எந்தக் கமிட்டியும் கையெழுத்துப் போடாது.

சரி, அதுல நான் விட்டது என்னன்னு கவனிச்சயா? அந்த 480 பேரும் ஆம்பளைங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு ஒஸ்லோவுல எடுத்த 565 பேரும் ஆம்பளைங்க, படிச்சவங்க. தேயிலைத் தோட்டம்னா உனக்கும் எனக்கும் கண்ணுல வர்றது என்ன? தலையில கூடையைக் கட்டிக்கிட்டு வரிசையா கொழுந்து கிள்ற பொம்பளைங்கதானே? அந்த மலையில கொழுந்து பறிச்சவங்கள்ல பெரும்பங்கு அவங்கதான். அவங்க வாயை யாரும் தெறந்து பாக்கலை. எட்டு, எண்பத்தொண்ணு, பதினொண்ணு... இந்தக் கணக்கை எந்தப் பாடப்புத்தகத்தைத் தெறந்தாலும் பாக்கலாம், மனுசக் கூட்டத்துக்கே பொதுவான கணக்கு மாதிரி. அவ்வளவும் தமிழ் ஆம்பளைங்க வாய் அம்மிணி. கர்ப்பிணிங்ககிட்டருந்து அளவுகோலை எடுத்துக்கிட்டாங்க, கதையை ஆம்பளைங்ககிட்டருந்து எழுதிட்டாங்க.

இன்னொண்ணு இதைவிட ருசி. வயசுப் புள்ளைங்களுக்கு வர்ற ஒரு எகிறுச் சீக்கு இருக்குது. எகிறு சுத்தமாத்தான் தெரியும், ஆனா முன்பல்லுலயும் மொதக் கடவாய்ப் பல்லுலயும் மட்டும் எலும்பு கரைஞ்சு போயிரும். பழைய புத்தகத்துல இது பொண்ணுங்க சீக்குன்னு இருக்கும். மூணு பொண்ணுக்கு ஒரு பையன்னு கணக்கு வேற. 1991ல அமெரிக்காவுல ஒரு கூட்டம் குடும்பம் குடும்பமாப் பிடிச்சுப் பாத்துச்சு. மொதல்ல டாக்டர்கிட்ட வந்த ஆளைக் கணக்குலருந்து ஒதுக்கிட்டு, அவங்க கூடப் பொறந்தவங்க வாயை மட்டும் எண்ணினா, பொண்ணும் பையனும் சரிக்குச் சரி! மூணுக்கு ஒண்ணுன்னு வந்ததெல்லாம் யாரு டாக்டர்கிட்ட வந்தாங்கங்கற கணக்கு.

எனக்கு இது கண் முன்னால நடந்துச்சு. சிவன்மலைப் பக்கத்துல ஒரு புள்ளை, காலேஜ் ரெண்டாம் வருசம். முன்பல்லு நடுவுல சந்து விழுந்துருச்சு. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அவங்கம்மா அரக்கப் பரக்கக் கூட்டிட்டு வந்தாங்க, "கம்பி போட்டு ஒட்டிருங்க, ஆவணிக்குள்ள முடிச்சிருங்க." எக்ஸ்ரே எடுத்துட்டு, கம்பி கெடக்கட்டும், மொதல்ல கூடப் பொறந்தவங்க இருந்தாக் கூட்டிட்டு வாங்கன்னேன். தம்பி ஒருத்தன், பன்னெண்டாவது படிக்கறான். அவனுக்கு அக்காவைவிட மோசம்! அவன் பல்லுச் சந்து வீட்ல எல்லாருக்கும் தெரியும். "பையனுக்கென்னுங்க, மீசை வந்தா மறைஞ்சுரும்"னு விட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் வைத்தியம் நடந்துக்கிட்டிருக்குது. மீசையும் வந்துருச்சு, ஒண்ணையும் மறைக்கலை.

இப்ப இருக்கற பட்டியலைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. 2017 நவம்பர்ல சிகாகோவுல அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டு பக்கத்து எகிறு வைத்தியரும் கூடி ஒரு புது வகைப்பாடு போட்டாங்க, மறு வருசம் வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1999ல போட்டதுல நாள்பட்டது, ஆவேசமானதுன்னு ரெண்டு ஜாதி இருந்துச்சு. அதை எடுத்துட்டு நாலு கட்டம், மூணு வேகம்னு வெச்சுட்டாங்க. பிடிமானம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் போனா மொதக் கட்டம், மூணு நாலுன்னா ரெண்டாவது, அஞ்சோ அதுக்கு மேலயோன்னா மூணாவது, அதோட இந்தச் சீக்குனாலயே அஞ்சு பல்லோ அதுக்கு மேலயோ விழுந்திருந்தா நாலாவது. நாளைக்குப் பத்து சிகரெட், இல்லைன்னா மூணு மாசச் சர்க்கரை ஏழோ அதுக்கு மேலயோ, ரெண்டுல எது இருந்தாலும் மூணாம் வேகம். இதுல ஆம்பளையா பொம்பளையான்னு ஒரு கட்டமே கெடையாது. எனக்கு அது பிடிச்சிருக்குது. ஆனா அதே பட்டியல்ல எலும்பைத் தொடாத வெறும் எகிறு வீக்கத்துப் பக்கம் போனா, வயசுக்கு வர்றது, மாசத் தீட்டு, கர்ப்பம், கர்ப்பத்தடை மாத்திரைன்னு வரிசையா நிக்குது. வயசுக்கு வர்றதுல மட்டும் பையன்களுக்கும் எடம் உண்டு, மத்த மூணும் நம்ம கணக்கு. அந்த மாத்திரை விசயம்கூட அந்தக் காலத்துல ஹார்மோனை அள்ளிப் போட்டுச் செஞ்ச மாத்திரைக்குத்தான் பொருந்தும், இப்ப வர்றதுல அளவு ரொம்பக் கம்மி.

நம்ம சனங்க வேற மாதிரி. ஊதியூர்ப் பக்கத்துல அஞ்சு மாசத்து மருமக ஒருத்தி, எகிறுல பட்டாணி தண்டி செவப்பா ஒரு கட்டி, தொட்டாலே ரத்தம். புத்துநோயின்னு யாரோ சொல்லிட்டாங்க, வீடே அழுதுக்கிட்டு வந்து நிக்குது. கர்ப்பத்துல சிலபேருக்கு வர்ற கட்டிதான் அது, புள்ளை பொறந்தா பெரும்பாலும் தானா சுருங்கிரும். அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மாமியா, "ரத்தம் போனா உள்ள இருக்கற கொழந்தைக்கு ஆகாதுன்னு ரெண்டு மாசமா பல்லு விளக்க வேண்டாம்னுட்டனுங்க"ங்கறாங்க! வளையலடுக்கி, சீர் செஞ்சு, தட்டு நெறையப் பலகாரம் திங்க வெச்சு, வாயை மட்டும் பூட்டி வெச்சா கட்டி வராம என்ன வரும்? எகிறு கெட்டா கொறைமாசப் பிரசவம் ஆகும்னு 1996லருந்து ஒரு பேச்சு உண்டு. 2006ல 823 கர்ப்பிணிங்களை வெச்சு அமெரிக்காவுல சோதிச்சுப் பாத்தாங்க. கர்ப்பத்துல எகிறுக்கு வைத்தியம் பண்ணினா கொறைமாசம் கொறையலை. ஆனா அம்மாவுக்கும் புள்ளைக்கும் ஒரு கெடுதலும் வரலை, எகிறும் தேறிச்சு. மாமியாகிட்ட ரெண்டாவது பாதியை மட்டும் சத்தமாச் சொன்னேன்.

நீ என்ற வீட்டு வாசல்ல மயிலைக் காளையைப் பாத்திருக்கற இல்லை? கழுத்தும் திமிலும் கறுத்துக் கெடக்கும். அதைக் காயடிச்சா வெளுத்துரும், பசுவுக்கு அந்தக் கறுப்பு வராது. ஹார்மோன்னா என்னன்னு நம்ம ஊர்க்காரனுக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனா கண்ணபுரம் தேர் நோம்பிச் சந்தையில மாடு பிடிக்கறப்ப அதே ஆளு காளைன்னும் பாக்கறதில்லை, பசுன்னும் பாக்கறதில்லை. ஒதட்டைத் தூக்கி, ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறா, கடை சேர்ந்துருச்சான்னு எண்ணிட்டுத்தான் துண்டுக்குள்ள கையை விடறான். உனக்கு அந்த மரியாதைகூட பெங்களூர்ல கெடைக்கலை.

அதனால நீ செய்ய வேண்டியது இதுதான். இன்னொரு டாக்டரைப் பாரு, எகிறு வைத்தியம்னே படிச்சவரா இருந்தா நல்லது. எல்லாப் பல்லையும் அளந்து எழுதிக் குடுங்கன்னு வாயைத் தெறந்து கேளு. மூணு வரைக்கும் பயமில்லை. நாலு அஞ்சுன்னு வந்தா எக்ஸ்ரே எடுக்கோணும். மூணு மாசச் சர்க்கரை டெஸ்ட் எடு, உங்கப்பாவுக்கு இருந்துச்சு, மறந்துராத. அப்புறம், எகிறுத் தோலு சவ்வாட்டம் உரியுதா, மொளகாப் பட்டா தீயா எரியுதான்னு கண்ணாடியில பாத்து எனக்கு எழுது. நாப்பதைத் தாண்டின பொம்பளைங்களுக்குத்தான் அது அதிகமா வருது. பல்லு அழுக்குனால வர்ற எகிறுச் சீக்கே இல்லை அது, தோலைச் சேர்ந்த வேற நோய், சின்னத் துணுக்கு வெட்டிப் பரிசோதிச்சாத்தான் தெரியும். அதையும் ஹார்மோன்னு சொல்லி வருசக்கணக்கா பேஸ்ட் மாத்தி மாத்தித் தேச்சவங்களை நான் பாத்திருக்கேன். தேங்கெண்ணெய் கொப்புளிக்கறதை நிறுத்தச் சொல்லலை. காங்கேயத்துல உக்காந்துக்கிட்டு தேங்கெண்ணெய்க்கு எதிரா எழுதினா ஆலைக்காரங்க என்ற கிளினிக்குக்கு வர மாட்டாங்க. ஆனா எகிறுக்குக் கீழ ஒட்டியிருக்கற காரையை எண்ணெய் எடுக்காது, கருவிதான் எடுக்கோணும்.

கடைசியா ஊர்ச் சேதி ஒண்ணு. நம்ம பக்கம் மாப்பிளைங்களுக்குப் பொண்ணு கெடைக்காம அலையறாங்கன்னு உனக்குத் தெரியுமே. இப்பப் பொண்ணுங்க மாப்பிளை பல்லையும் பாக்கறாங்க! சிரிச்சப்ப காவிப் பல்லு தெரிஞ்சுதுன்னு ஒருத்தி வேண்டாம்னுட்டாளாம், அந்தப் பேச்சு ஊர் பூரா பரவிருச்சு. அதுலருந்து சாயங்காலமானா முப்பது வயசுப் பையங்க தோட்டத்துலருந்து நேரா என்ற கிளினிக்குக்கு வர்றானுங்க, ஒருத்தனை ஒருத்தன் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கறானுங்க. என்ற நோட்டை மட்டும் வெச்சு எவனாவது ஆராய்ச்சி பண்ணினா, எகிறுச் சீக்கு கல்யாணமாகாத கவுண்டப் பையங்களுக்கு மட்டும் வர்றதுன்னு எழுதிருவான்.

தைப்பூசத் தேருக்குச் சிவன்மலைக்கு வர்றேன்னயே, மாத்திராத. தேர் பாத்துட்டு மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்ல. உன்ற ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, அவர் வாயை நான்தான் பாக்கப் போறேன்னு இப்பவே சொல்லாத. நங்கையா விசயம் நேர்ல பேசிக்கலாம், எழுதி வெக்கற சமாச்சாரம் இல்லை அது.

இப்படிக்கு,
உன்ற பக்கத்து பெஞ்சுக்காரி